கைதட்டலும் இசைத்தட்டும்

1966 ஆகஸ்டு 29ஆம் நாள் இரவு, சான் பிரான்சிஸ்கோ நகரின் கேண்டில்ஸ்டிக் பார்க் என்னும் பேஸ்பால் திடலில் பீட்டில்ஸ் குழுவினர் ஏறத்தாழ அரைமணி நேரம் பாடினார்கள். மக்கள் கட்டணம் செலுத்திக் கேட்ட அவர்களது கடைசி நிகழ்ச்சி அதுவே. அதன்பின் அவர்கள் இசைச் சுற்றுப்பயணம் எதற்கும் புறப்படவில்லை. புகழின் உச்சியில் நின்ற நான்கு இளைஞர்கள் மேடையைத் துறந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று வியப்பானது: அவர்கள் பாடுவது அவர்களுக்கே கேட்கவில்லை! 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே திடலில் 55,000 பேருக்கு மேல் கூடியிருந்தனர். அக்கூட்டத்தின் கூச்சலுக்கு முன் அன்றைய ஒலிபெருக்கிகள் எம்மாத்திரம்? பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்பதற்கென மேடையில் ஒலிபெருக்கி வைக்கும் வழக்கமும் அப்போது பரவியிருக்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் உடலசைவைப் பார்த்தே பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று ஊகித்துத் தாளம் போட்டதாக ரிங்கோ ஸ்டார் பின்னாளில் கூறியுள்ளார்.

மேடையை விட்டவர்கள் ஒலிப்பதிவுக்கூடத்தில் குடிபுகுந்தார்கள். அவர்களது முதல் இசைத்தட்டுக்காக 1963 பிப்ரவரி 11 அன்று இலண்டன் ஈ.எம்.ஐ. கூடத்தில் ஒரே நாளில் பத்துப் பாடல்கள் பதிவாகியிருந்தன. 1967இல் வெளிவந்த 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டுக்கோ ஏறத்தாழ 700 மணி நேரம் செலவாயிற்று. நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட காந்த நாடா இயந்திரத்தில் ஒரு பதிவின்மேல் இன்னொரு பதிவாக அடுக்கி, நாடாவை வெட்டியும் ஒட்டியும், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் அவர்களும் கட்டியெழுப்பிய அந்த இசையை அன்று எந்த மேடையிலும் நிகழ்த்திக் காட்டியிருக்க முடியாது. ஓவியன் திரைச்சீலையின்முன் அமர்வது போல இசைஞன் ஒலிநாடாவின்முன் அமரத் தொடங்கினான். மேலை மரபிசையிலும் இதே காற்று வீசியது. கனடா நாட்டுப் பியானோ மேதை க்ளென் கூல்ட் 1964இலேயே பொதுமேடையைக் கைவிட்டு, இனி ஒலிப்பதிவு ஒன்றே தம் கலை என்று துணிந்தார்.

ராக் இசை என்றதும் இரைச்சல் என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் நம்மிடையே உண்டு என்பதை அறிவேன். ஆயினும் இவ்வரலாறு அவர்களுக்கும் உரியதே. ஏனெனில் இங்கே எழும் கேள்வி இசைவகையைப் பற்றியது அன்று. பிழைகளை நீக்கி நூறு முறை திருத்திய நிறைவு ஒருபுறம். ஒருமுறை மட்டுமே நிகழ்ந்து மறைந்ததன் பதிவு மறுபுறம். இவ்விரண்டில் மனிதர் எதை நாடுகின்றனர், ஏன் நாடுகின்றனர் என்பதே கேள்வி.

ஸ்டூடியோ இத்துணை வலிமை பெற்றபின், நேரடி நிகழ்ச்சிகளைத் தட்டில் பதிப்பது தேய்ந்து மறைந்திருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. 1960களின் இறுதி தொடங்கி 1970கள் முடியும்வரை உள்ள காலமே நேரடி இசைத்தட்டுகளின் பொற்காலம் எனலாம்.

வணிகர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. நியூயார்க் ஹார்லெம் பகுதியின் அப்பல்லோ அரங்கில் தம் நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய வேண்டும் என்று 1962இல் ஜேம்ஸ் பிரவுன் கேட்டபோது, கிங் ரெக்கார்ட்ஸ் நிறுவனத் தலைவர் சிட் நேதன் மறுத்துவிட்டார். ஏற்கெனவே விற்றுத் தீர்ந்த பாடல்களை மறுபடியும் யார் வாங்குவார் என்பது அவர் வாதம். கணக்குப் பார்ப்பவரின் வாதம், தவறென்று சொல்வதற்கில்லை. பிரவுன் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, அவ்வாண்டு அக்டோபர் 24 அன்று நிகழ்ச்சியைப் பதிவுசெய்தார். 1963இல் வெளிவந்த அத்தட்டு ஓராண்டுக்கும் மேலாக விற்பனைப் பட்டியலில் நிலைத்திருந்தது. வானொலி அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டைத் தனியே எடுத்து ஒலிபரப்புவதை விட்டு, தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் ஓடவிட்டார்கள். கேட்டவர்கள் விரும்பியது தெரிந்த பாட்டை மட்டுமன்று. அப்பாட்டுக்கும் அந்த அரங்கத்து மக்களுக்கும் இடையே நடந்த பரிமாற்றத்தை. பாடகர் ஓர் அடியை நீட்டுகிறார். எங்கோ ஒரு பெண் வீறிடுகிறாள். அவ்வொலி கேட்டு அவர் மேலும் நீட்டுகிறார். கூடப் பதிவில் இதற்கு இடமேது? அங்கே காதுகளில் ஒலிப்பான் மாட்டிக்கொண்டு ஒருவர் தனியறையில் பாடுவார். அவருக்குத் துணையாகக் கேட்கும் டிரம்ஸ் போன வாரம் பதிவானதாக இருக்கலாம்.

பாட்டின் வயதும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடத்தில் பதிவாகும் பாட்டு பெரும்பாலும் பச்சிளங்குழந்தை. எழுதிச் சில நாள்களே ஆகியிருக்கும். அதைப் பாடுபவரே இன்னும் முழுமையாக அறியார். ஊர் ஊராகப் பலநூறு முறை பாடியபின்பே அதன் உள்ளறைகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. 'தி ஹூ' என்னும் ஆங்கிலக் குழுவின் 'மை ஜெனரேஷன்' பாடல் 1965இல் கூடத்தில் பதிவானபோது மூன்று நிமிடங்களைச் சற்றே தாண்டியது. ஐந்தாண்டுகளுக்குப் பின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் அதே பாடல் 14 நிமிடங்களுக்கு மேல் விரிந்தது. இடையில் வேறு பாடல்களின் சாயல்கள் வந்து வந்து மறைந்தன.

அந்த லீட்ஸ் பதிவின் கதையையே சற்று விரித்துச் சொல்லலாம். 1969இல் அமெரிக்கப் பயணத்தின்போது பல இரவுகளின் நிகழ்ச்சிகள் நாடாவில் பதிவாயின. ஊர் திரும்பியதும் அவை அனைத்தையும் கேட்டுத் தேர்வுசெய்யும் சுமையைக் கண்டு மலைத்த கிட்டார் கலைஞர் பீட் டௌன்செண்ட், நாடாக்களை எரித்துவிடுமாறு தம் ஒலிப்பதிவாளரிடம் சொல்லிவிட்டார். (பிற்காலத்தில் இதற்காக அவர் வருந்தினார், வருந்தாமல் இருக்க முடியுமா!) பின்னர் 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸிலும், மறுநாள் ஹல் நகரிலும் புதிதாகப் பதிவுசெய்ய ஏற்பாடாயிற்று. ஹல் பதிவில் முதல் சில பாடல்களுக்குப் பேஸ் கிட்டார் ஒலி நாடாவில் ஏறவேயில்லை என்று கருதப்பட்டது. ஆகவே லீட்ஸ் தட்டாயிற்று. பதிவான இடம் மாணவர்கள் உணவருந்தும் கூடம். மின்கம்பிகளின் கோளாற்றால் ஒலியில் ஆங்காங்கே 'கிளிக்' என்னும் வெடிப்புகள் விழுந்திருந்தன. அவற்றை மறைக்க முயலாமல், அவ்வொலிகள் இருக்கட்டும், திருத்த வேண்டா என்ற குறிப்பைத் தட்டின் நடுத்தாளில் கையெழுத்தாகவே அச்சிட்டார்கள். மேலுறையும் வண்ணப்படம் ஏதுமின்றி, முத்திரை குத்திய பழுப்பு அட்டை. அக்காலத்தில் கள்ளத்தனமாகப் பதிவாகி விற்கப்பட்ட திருட்டுத் தட்டுகளின் கோலத்தை வேண்டுமென்றே மேற்கொண்டார்கள். 2012இல் ஹல் நிகழ்ச்சியும் வெளிவந்தது. விடுபட்ட பேஸ் ஒலிக்கு, முந்தைய இரவு லீட்ஸில் வாசித்ததைக் கொண்டுவந்து பொருத்தியிருந்தனர். நேற்றைய கை இன்றைய பாட்டுக்கு வாசித்தது என்று சொல்லலாம். அதையும் நேரடிப் பதிவு என்றே கடைக்காரர் விற்றார்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. பிழையும் இருமலும் மூச்சிரைப்பும் உண்மையின் அடையாளம் என்று கேட்பவர் நம்பத் தொடங்கியதும், அந்த நம்பிக்கையே விற்பனைப் பொருளாயிற்று. 1966இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பெயரில் வெளிவந்த நேரடித் தட்டில் இரண்டு பாடல்கள் கூடத்தில் பதிவானவை. கூட்டத்தின் கூச்சலை மேலே பூசியிருந்தார்கள். 1978இல் வெளிவந்த தின் லிசி குழுவின் புகழ்பெற்ற நேரடித் தட்டில் முக்கால் பங்கு ஸ்டூடியோவில் மீண்டும் பதிவானது என்றார் அதன் தயாரிப்பாளர் டோனி விஸ்காண்டி. குழுவைச் சேர்ந்தவர்கள் அதை மறுத்தார்கள். வழக்கு இன்றளவும் தீரவில்லை. இதற்கு எதிர்ப்புறம், டீப் பர்ப்பிள் குழு 1972 ஆகஸ்டில் ஒசாக்காவிலும் தோக்கியோவிலும் மூன்று இரவுகள் வாசித்ததன் பதிவு நிற்கிறது. ஜப்பானியச் சந்தைக்கு மட்டும் என்று சிறு செலவில் எடுத்த அப்பதிவில் பின்னால் எதையும் சேர்க்கவில்லை. குழுவினருக்கே அதில் பெரிய அக்கறை இருக்கவில்லை. பாடகரும் கிட்டார் கலைஞரும் ஒலிக்கலவைக்கு வந்து எட்டிப் பார்க்கவும் இல்லை. அக்கறையின்மையே அதனைக் காத்தது போலும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தவறிய ஒரு சுரத்தைப் பின்னர் திருத்துவதைப் பெருங்குற்றமாக நான் கருதவில்லை. எழுத்தாளன் அச்சுப்பிழை திருத்துவதில்லையா? ஆனால் நேரடித் தட்டில் பாடகர் மட்டும் இல்லை. பெயரற்ற மக்களும் இருக்கிறார்கள். அவர்கள் குரலும் அங்கே பதிவாகிறது. அவர்களிடம் யாரும் ஒப்பம் வாங்குவதில்லை; ஒலிக்கலவையின்போது அவர்கள் அருகில் இருப்பதும் இல்லை. அவர்கள் எழுப்பாத ஒலியை அவர்கள்மேல் ஏற்றினால் என்ன ஆகும்?

சில வேளைகளில் கூட்டத்தின் ஒரு குரலே தட்டின் வரலாறாகிவிடும். 1966 மே 17 அன்று மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் மண்டபத்தில் பாப் டிலன் பாடிக்கொண்டிருந்தார். தனிக் கிட்டாருடன் நாட்டுப்புறப் பாணியில் பாடிப் புகழ்பெற்றவர், நிகழ்ச்சியின் பிற்பகுதியில் மின்கிட்டார் குழுவுடன் நின்றது பலருக்குத் துரோகமாகப் பட்டது. இரு பாடல்களுக்கு இடையே, அமைதியில், ஓர் இளைஞன் 'யூதாசு!' என்று கத்தினான். நம்பிய தலைவன் தம்மைக் காட்டிக்கொடுத்தான் என்று அந்த ஒரு சொல்லால் அவன் சாற்றிவிட்டான். டிலன் அதை ஏற்க மறுத்துக் கடிந்து பதில் சொல்லிவிட்டு, உரக்க வாசிக்குமாறு குழுவினரிடம் திரும்பிக் கூறிப் பாட்டைத் தொடங்கினார். இப்பதிவு பல ஆண்டுகள் திருட்டுத் தட்டாகவே, அதுவும் இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நிகழ்ந்ததென்ற தவறான பெயருடன், கைமாறி வந்தது. 1998இல்தான் நிறுவனமே முறையாக வெளியிட்டது. அந்தக் கூச்சலை நீக்கிவிட்டு வெளியிட்டிருந்தால் அத்தட்டை யார் தேடியிருப்பார்கள்? அந்த இளைஞனின் கோபம் உண்மையானது, அது அவனுடையது, அப்படியே இருக்கிறது.

இனி ஃபோல்சம் சிறைக்கு வருவோம்.

கலிபோர்னியாவில் கருங்கல்லால் கட்டிய பழைய சிறை அது. ஜானி கேஷ் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து ஜெர்மனியில் பணியாற்றியபோது அச்சிறையைப் பற்றிய திரைப்படம் ஒன்றைப் பார்த்தார். அதன் தாக்கத்தால் பிறந்த பாடலை 1955இல் மெம்பிஸ் நகரின் சன் ஸ்டூடியோவில் பதிவுசெய்தார். (மெட்டும் பல அடிகளும் கார்டன் ஜென்கின்ஸ் இயற்றிய வேறொரு பாடலிலிருந்து வந்தவை, பின்னர் அதற்காக அவர் பணம் கொடுக்க நேர்ந்தது.) அந்தக் கூடப் பதிவு சிறியது, இறுக்கமானது, குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர்கூட இல்லை. தூரத்தில் ஓடும் தொடர்வண்டியின் ஒலியைக் கேட்டு ஏங்கும் கைதி ஒருவன், தன் தாயின் அறிவுரையை மீறி, ஒரு மனிதனைச் சாவதை வேடிக்கை பார்ப்பதற்காகவே சுட்டுக்கொன்றதாகச் சொல்கிறான். கொலைக்கு இருக்கக்கூடிய மிகக் கொடிய காரணம் எதுவென்று எண்ணியெண்ணி அவ்வடியை எழுதியதாகக் கேஷ் பின்னர் விளக்கினார். அது பெருமை பேசும் பாட்டன்று, அழுகைப் பாட்டு.

சிறைகளில் அவர் 1950களிலிருந்தே பாடிவந்தார். சிறைப்பட்டோர் அவருக்கு மடல்கள் எழுதினர். சிறையிலேயே ஒரு தட்டைப் பதிவுசெய்யலாம் என்ற அவரது விருப்பத்துக்குக் கொலம்பியா நிறுவனம் நெடுநாள் செவிசாய்க்கவில்லை. பாப் ஜான்ஸ்டன் என்னும் தயாரிப்பாளர் பொறுப்பேற்றபின் வழி பிறந்தது. 1968 ஜனவரி 13 அன்று, சிறையின் உணவுக்கூடத்தில், காலையில் ஒன்றும் நண்பகலுக்குப் பின் ஒன்றுமாக இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. தட்டில் உள்ளவற்றில் பெரும்பகுதி காலை நிகழ்ச்சியைச் சார்ந்தது.

தட்டைக் கேட்பவர் முதலில் உணர்வது அந்த இடத்தை. பாட்டுகளுக்கு நடுவே சிறை ஒலிபெருக்கி குறுக்கிட்டு, கைதி ஒருவரை எண் சொல்லி அழைக்கிறது. தண்ணீரின் சுவையைப் பற்றிக் கேஷ் கேலி பேசுகிறார். தூக்குமேடைக்குச் செல்லும் ஒருவனின் கடைசி நிமிடங்களை எண்ணும் பாட்டையும் பாடுகிறார். இவற்றை எந்தக் கூடத்திலும் பாடியிருக்கலாம். ஆனால் இன்னாரிடம் பாடினார் என்பதே இங்கே பாட்டின் பொருளை மாற்றிவிடுகிறது. ஸ்டூடியோவுக்குக் கைவராத ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

தொடக்கத்திலேயே சிறிது நாடகமும் உண்டு. கேஷ் மேடைக்கு வந்து தம் பெயரைச் சொல்லும்வரை கைதட்ட வேண்டா என்று தொகுப்பாளர் ஹ்யூ செர்ரி கைதிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதனால்தான் அவர் பெயர் சொன்னவுடன் அத்தனை பேரொலி. இதைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒலி அவர்களுடையதே, நேரத்தை மட்டும் ஒருவர் குறித்துக் கொடுத்தார்.

ஆனால் முதல் பாட்டிலேயே இன்னொன்று நிகழ்கிறது. வேடிக்கை பார்க்கக் கொன்றேன் என்னும் அந்த அடி முடிந்ததும் அரங்கில் மகிழ்ச்சி ஆரவாரம் எழுவது தட்டில் கேட்கிறது. கேட்பவர் உடல் சிலிர்க்கும். கொலையைக் கேட்டுக் குதூகலிக்கும் கொடியவர் கூட்டம், அவர்கள் நடுவே அஞ்சாத பாடகர் என்ற சித்திரம் ஒரு நொடியில் மனத்தில் விழுந்துவிடுகிறது. தட்டின் புகழில் அந்த ஒரு நொடிக்குப் பெரும்பங்கு உண்டு. அது பொய்! மூல ஒலிநாடாக்களை ஆராய்ந்து 2004இல் நூல் எழுதிய மைக்கேல் ஸ்ட்ரைஸ்கத், அந்த ஆரவாரம் பின்னர் சேர்க்கப்பட்டது என்று காட்டினார். அன்று காலையில் அந்த அடிக்கு எவரும் ஆர்ப்பரிக்கவில்லை. சொல்லப்போனால் கைதிகள் மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தார்கள். சிறையைக் கேலி செய்யும் பேச்சுக்கு உரக்க மகிழ்ந்தால் காவலர்கள் பின்னர் என்ன செய்வார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது.

ஒலிப்பதிவுக் கலையில் இது அற்பச் செயல். ஓரிடத்துக் கைதட்டலை வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுவது அன்றாட வேலை. செய்தவருக்கு உள்நோக்கம் இருந்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் தின் லிசியின் திருத்தங்களையும் ஹல் நகரின் பேஸ் கிட்டாரையும் பொறுத்துக்கொள்ளும் நான், இதைப் பொறுத்துக்கொள்ள மறுக்கிறேன். அங்கே இசைஞர் தம்மைத் தாமே அழகுபடுத்திக்கொண்டனர். இங்கேயோ, மறுத்துப் பேச வாய்ப்பற்ற மனிதர்கள்மேல் அவர்களிடம் இல்லாத ஒரு கொடுமை ஏற்றப்பட்டது. வெளியுலகம் கைதிகளைப் பற்றி ஏற்கெனவே நம்பியிருந்ததையே அத்தட்டு அவர்கள் வாயால் சொல்லவைத்தது. அவர்களது மௌனமே உண்மையான பதிவு. சாவைப் பற்றிய அவ்வடியைக் கேட்டு அமைதியாக இருந்தவர்களுள் அதன் பொருளைச் சொந்த வாழ்வில் அறிந்தவர் எத்தனை பேரோ.

இதில் இன்னொரு முரணும் உண்டு. அவ்வாண்டு ஜூனில் இராபர்ட் கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதும், அந்த அடிக்காகவே வானொலி நிலையங்கள் பாட்டை நிறுத்தின. கேஷ் எதிர்த்தும் கேளாமல், நிறுவனம் அவ்வடியை நீக்கிய தனிப்பதிப்பு ஒன்றை வெளியிட்டது. ஜனவரியில் நிகழ்ந்தது ஒன்று. மே மாதத் தட்டில் கேட்டது இன்னொன்று. கோடையில் வானொலியில் ஒலித்தது வேறொன்று.

எனினும் அதே தட்டின் முடிவில் எந்த ஒட்டுவேலையாலும் படைக்க முடியாத ஒன்று இருக்கிறது. நிகழ்ச்சிக்கு முந்தின நாள் மாலை, சிறைக்குச் சென்றுவரும் ஃபிளாய்டு கிரெசெட் என்னும் போதகர் ஓர் ஒலிநாடாவைக் கேஷிடம் கொடுத்தார். கொள்ளைக் குற்றத்துக்காகச் சிறைப்பட்டிருந்த க்ளென் ஷெர்லி இயற்றிப் பாடிய பாட்டு அதில் இருந்தது. அச்சிறையின் கருங்கல் சிற்றாலயத்தைப் பற்றிய பாட்டு: கதவுகள் அனைத்தும் பூட்டியிருக்கும் இடத்தில் பூட்டாத ஒரு கதவு. கேஷ் அதை இரவோடு இரவாகக் கற்றுக்கொண்டார். மறுநாள் நிகழ்ச்சியின் இறுதியில், இதை எழுதியவர் இங்கேயே இருக்கிறார் என்று பெயரைச் சொல்லிப் பாடினார். முன்வரிசையில் அமர்ந்திருந்த ஷெர்லிக்கு அதுவரை ஏதும் தெரியாது. அவசரமாகக் கற்ற பாட்டு என்பது கேட்டாலே தெரியும்; கூடத்தில் ஒரு வாரம் உழைத்திருந்தால் இன்னும் செம்மையாகப் பாடியிருப்பார். அந்தச் செம்மை யாருக்கு வேண்டும்?

ஷெர்லியின் பிற்கால வாழ்க்கை இனிய கதையாக அமையவில்லை. சிறையிலிருந்தபடியே அவரும் ஒரு நேரடித் தட்டைப் பதிவுசெய்தார். 1971இல் விடுதலையாகிக் கேஷின் குழுவில் இணைந்தார். 1972 ஜூலையில் இருவரும் அமெரிக்க மேலவையின் துணைக்குழு முன்னிலையில் சிறைச் சீர்திருத்தம் குறித்துச் சான்று பகர்ந்தனர். ஆனால் வெளியுலக வாழ்வு அவருக்குக் கைகூடவில்லை. குழுவிலிருந்து விலக நேர்ந்தது. 1978 மே மாதம் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

2008இல், பதிவாகி நாற்பது ஆண்டுகள் ஆனபோது, காலையும் பகலும் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளும் விரிவான பதிப்பாக வெளிவந்தன. 1968ஆம் ஆண்டுத் தட்டு இன்னும் யாரிடமேனும் இருந்தால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாம்.